கண்மாய்க் கணக்கில் விடுபட்டவை

ஒரு கண்மாயின் கணக்கை ஒரே வரியில் எழுதிவிடலாம்: வந்த தண்ணீரில் போன தண்ணீரைக் கழித்தால் இருப்பு. வரத்துவாரியில் வருவதும் நேரே விழும் மழையும் வரவு. மடை வழியே பாய்வது, கலிங்கில் மறுகால் போவது, வெயிலில் ஆவியாவது, தரையில் இறங்குவது எல்லாம் செலவு. புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை வட்டாரத்துக்கு வரும் சூழலியல் மாணவருக்கு இதைக் கணினியில் போட்டுக் காட்ட அதிக நேரம் பிடிக்காது. வளைகோடு அழகாகவே வரும். எதைக் கணக்குக்கு வெளியே விட்டோம் என்பதை அந்தக் கோடு சொல்லாது.

அப்படி விடுபடுவதில் ஒன்று மரங்களின் தண்ணீர்ச் செலவு. கர்நாடகத்தின் ஹொஸகோட்டேயில் நீரியலாளர் இயன் கால்டரின் குழுவினர் தைலமரத் தோப்பின் தண்ணீர்ச் செலவை அளந்தார்கள். 1997இல் வெளியான அந்த ஆய்வின்படி, வறண்ட மூன்று ஆண்டுகளில் பெய்த மழை 2,100 மி.மீ.; மரங்கள் செலவழித்ததாக மதிப்பிட்டது 3,400 மி.மீ. வரவை மீறிய செலவு எங்கிருந்து வந்தது? வேர்கள் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கும் மேல் கீழிறங்கி, அடிமண்ணில் சேர்ந்திருந்த பழைய ஈரத்தை எடுத்திருக்கின்றன. மண் அவ்வளவு ஆழமில்லாத வேறு இடங்களில் அதே மரம் மழையளவைத் தாண்டவில்லை. மண்ணின் ஆழத்தைக் கேட்காமல் தைலமரத்தைப் பழிப்பதும் சரியில்லை, அதற்குப் பரிந்து பேசுவதும் சரியில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரக் காடுகள் பரந்து கிடக்கின்றன. இங்கே விவசாயிகளுக்கு நெடுநாள் முறையீடு ஒன்றும் உண்டு: காட்டுக்குள் மழைநீரை நிறுத்தப் போட்ட வரப்புகள் கண்மாய்களின் வரத்தை மறிக்கின்றன என்பது. காட்டின் கணக்கில் அந்த வரப்பு சேமிப்பு. கண்மாயின் கணக்கில் அதுவே இழப்பு. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ, அதற்கேற்ப விடையும் மாறிவிடுகிறது.

ஒரு கண்மாயைத் தனியே எடுத்துப் போடும் கணக்கும் போதாது. இலங்கையில் அநுராதபுரம் மாவட்டத்துத் திறப்பனைக் குளத்தொடருக்குப் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தார் 2001இல் ஒரு நீர்ச்சமநிலை மாதிரியை வெளியிட்டார்கள். மேல்குளத்து வயலில் பாய்ந்து வடியும் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரவாகிறது என்பதை அது கணக்கில் கொண்டது. நம் கண்மாய்களும் இப்படித்தான் ஒன்றின் மறுகாலை ஒன்று வாங்கிக் கிடக்கின்றன.

இவற்றைவிடக் கடினமானது மனிதர்களின் முடிவைச் சேர்ப்பது. கண்மாய் வற்றினால் வசதியுள்ளவர் போர் போடுகிறார். போர்த்தண்ணீர் கிடைத்தவருக்கு வரத்துவாரி வெட்டப் போகும் அவசியம் குறைகிறது. ஆள் குறைந்தால் வாரி தூர்ந்து கண்மாய் இன்னும் வற்றும். அடுத்தவரும் போர் போடுவார். நீர்மட்டம் இறங்க இறங்கப் போரும் ஆழமாகும். 1972இல் வெளியான ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலுக்காக எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உலக அளவில் கணினியில் ஓட்டிப் பார்த்தவை இப்படிப்பட்ட சுழல்களைத்தான். போர் போட வழியில்லாத சிறு விவசாயி இந்தச் சுழலில் முதலில் அடிபடுகிறார். சராசரி நீர்மட்டத்தை மட்டும் காட்டும் மாதிரியில் அவர் தெரியவே மாட்டார். எனக்கு இதுதான் பெரிய கவலை.

காட்டு வரப்பைத் திறந்தால் மழை குறைந்த ஆண்டில் ஊர்க் கண்மாய்க்கு எவ்வளவு கூடும், காட்டில் எவ்வளவு குறையும், கீழூருக்கு என்ன மிஞ்சும் என்று மாணவர்கள் போடும் கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும். வாரி எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மடை திறப்பதே இல்லை என்று அங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். அதையெல்லாம் சேர்த்து, அவர்கள் முன்னாலேயே அந்தக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும்.