தணிந்த வலியும் தைத்த ஊசியும்

பொகவந்தலாவையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் அன்றைய நாளே போய்விடும். வெயில் கண்ணைக் குத்தும், வயிற்றைக் குமட்டும், கூடைக்கயிறு தலையில் அழுந்தும். லயத்தில் படுத்துவிட்டாலோ அன்றைய பேர் விழாது, கூலியும் இல்லை. சித்தாலேப தைலம் தடவித் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். மாரியம்மன் கோயில் திருநீற்றைப் பூசிக்கொள்வார்கள்.

உடலில் ஊசி தைக்கும் அக்குபங்சரும் இலங்கைக்குப் பழகியதுதான். களுபோவிலை வைத்தியசாலையில் டாக்டர் அன்டன் ஜயசூரிய அதைச் செய்து காட்ட, வெளிநாட்டு மருத்துவர்களும் வந்து கற்றார்கள்.

அந்த ஊசி ஒற்றைத் தலைவலியைக் குறைக்கிறதா? ஜெர்மனியில் 302 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறைப்படி ஊசி. இன்னொரு பிரிவினருக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவினர் ஊசியின்றிக் காத்திருந்தார்கள். தலைவலி நாட்கள் பாதியாகவாவது குறைந்தவர்கள், முறையான ஊசியில் நூற்றுக்கு 51 பேர், பொய் ஊசியில் 53 பேர், காத்திருந்தவர்களில் 15 பேர். பிறகு 2016இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் குழு, முறையான ஊசிக்குச் சிறிய மேன்மை உண்டு என்றது: முறையான ஊசியில் நூற்றுக்கு 50 பேர், பொய் ஊசியில் 41 பேர்.

அப்படியானால் கிடைத்த சுகம் பொய்யா? இங்கேதான் சைவ சித்தாந்தம் கைகொடுக்கிறது. காட்சி, கருதல், உரை என அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, பிரிக்கும் சிவஞான சித்தியார், காட்சியிலேயே தன்வேதனைக் காட்சி என்று ஒன்றைத் தனியாக வைக்கிறது. தன் இன்பதுன்பத்தைத் தானே அறிவது அது. வலி தணிந்தது என்று ஒரு பெண் சொன்னால், எந்த ஆய்வாளராலும் அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் புள்ளியில் ஊசி தைத்ததால்தான் தணிந்தது என்பது காட்சியல்ல, கருதல். கருதலைச் சோதிக்கத்தான் வேண்டும். குரு சொன்னார் என்பது உரை. அதுவும் சோதனைக்கு ஈடாகாது.

திருநீறு பூசுகிறவர் நரம்பின் வழி எதையும் நிரூபிக்க வரவில்லை. அம்மன் முன் நிற்கிறார், அவ்வளவுதான். ஊசி போடுபவரோ உடலைப் பற்றி ஓர் உரிமை கோருகிறார், காசும் வாங்குகிறார். ஆகவே அவருக்கு உண்மை பேசும் கடமை கூடுதல். பலருக்குக் குறைகிறது, எதனால் என்பது முழுதும் தெளிவில்லை என்று சொல்லிவிட்டே ஊசியை எடுக்கலாம். தொடுகையும், ஆறுதலான பேச்சும், சற்று நேரம் படுத்திருக்கும் ஓய்வும் அந்தச் சுகத்தில் பங்கு வகிக்கக்கூடும். மலையில் நாள் முழுதும் நிற்கிறவளுக்கு அந்த ஓய்வே அரிது.

மருத்துவர் தந்த மாத்திரையை ஊசிக்காக நிறுத்த வேண்டாம். திடீரென வெடிப்பதுபோல் வலித்தால், பேச்சுக் குழறினால், கைகால் மரத்துப்போனால், காய்ச்சலோடு கழுத்து இறுகினால், ஊசியும் வேண்டாம், திருநீற்றோடு காத்திருக்கவும் வேண்டாம். உடனே டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.