கொடுத்தால் குறையாத செல்வம்

அறிவு நூலுக்கு விலை வைப்பது அறமா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எண்ணிப் பார்ப்போம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அது நெடுங்காலம் நூலகத்துக் கண்ணாடி அலமாரிக்குள் காணும் பொருளாகவே இருந்தது. இன்றோ சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் காசின்றி அதில் சொல் தேடலாம். ஆய்வாளர் மேசைக்கென்று எழுந்த நூல், வீட்டுப்பாடம் எழுதும் நம் பிள்ளைகளையும் வாசகராகப் பெற்றுவிட்டது.

ஆயினும், இலவசமாகக் கிடைப்பது உழைப்பின்றி விளைந்தது அன்று. அவ்வகராதியை ஆக்கப் பொதுப்பணமே உதவியது. ஆக்குவோர்க்குரிய ஊதியத்தைப் பொதுப்பணம் தாங்க, பயனை அனைவரும் கொள்வதே அறம் எனக் கருதுகிறோம். கதவு திறந்துவிட்டது, உட்புகுந்து படிக்கும் கடமை நம்முடையது.