விபத்து எப்போது முடிகிறது?

நீச்சல் குளத்தில் மூழ்கிய குழந்தை பிழைத்து வீடு திரும்பிவிட்டது. ஒரு வாரம் கழித்து மருத்துவர் அதன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்துவிடச் சொல்கிறார். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். நுரையீரலில் இரைச்சல் இல்லை. அப்படியானால் விபத்து முடிந்துவிட்டதா?

அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறையில், நீச்சல் குளத்தில் தற்செயலாக மூழ்குவதற்கான குறியீடு டபிள்யூ67. ஏழு இடங்களை நிரப்ப நடுவில் மூன்று எக்ஸ். சூட்சுமம் கடைசி எழுத்தில்தான்: தீவிர சிகிச்சையின்போது ஏ, தேறிவரும்போது டி. ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் பேச்சு குழறினால் எஸ். அந்த எஸ்ஸுக்குக் காலக்கெடு கிடையாது.

விபத்து எப்போது முடிகிறது என்பது வினையும் விளைவும் பற்றிய பழைய கேள்வியேதான். ஆனால் குறியீடு காரணத்தைப் பதிகிறது, குற்றத்தை அல்ல. பிள்ளையின் துன்பத்துக்கு முற்பிறவியைக் காரணம் காட்டுவதைவிட இது எவ்வளவோ கருணையானது.

2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள், மூழ்குதல் என்பது நீரால் மூச்சு தடைபடும் நிகழ்முறை என்று வரையறுத்தார்கள். சாவு அதன் முடிவுகளில் ஒன்று மட்டுமே; பிழைத்தவரும் மூழ்கியவரே.

பரிசோதனைக்கு அழைத்துவரும் தாய், இரவில் எழுந்து பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாளா என்பதையும் மருத்துவர் கேட்க வேண்டும்.