உண்டிச்சாலையுட் படைக்கலம்

பட்டாபிராமில் ஓர் உண்டிச்சாலையில் அமர்ந்திருந்தபோது அன்பரொருவர் வினவினார்: தற்காப்பின்பொருட்டு அரசினரே உரிமம் அளித்திருக்க, துப்பாக்கியுடன் உண்ண வருவானைக் கடைக்காரர் தடுத்தல் முறையோ என்று. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் பொதுவிடத்திலே துப்பாக்கியை வீசிக்காட்டுதலை விலக்கின. உறையிலிட்டுக் கொண்டுசெல்லுதலை முற்றும் விலக்கில. ஆதலின் இவ்வினா ஆராயத்தக்கதே.

1999 ஏப்பிரல் இறுதியில் தில்லி விருந்துச்சாலையொன்றில் நிகழ்ந்ததை நினைமின். நேரங் கடந்தபின் மது கேட்டவனுக்கு இல்லையென்றார், அங்குப் பணிசெய்த ஜெசிகா லால் என்னும் நங்கையார், அம்மறுப்பின்பொருட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவனது ஆயுட்சிறையை 2010இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. பரிமாறுவோர் அஞ்சாது இல்லையென்னும் உரிமையுடையராதல் வேண்டும். இடையிலே துப்பாக்கி தோன்றிய கணமே, கொணர்ந்தவன் நல்லவனேயாயினும், அவ்வுரிமை ஒழிகின்றது.

மறைத்துக் கொணர்வானைத் தடை தடுக்குமோ எனின், தடாது. முத்தநாதன் புத்தகக் கட்டினுள் அன்றோ கத்தியை மறைத்தான்! அவனையும் மெய்ப்பொருள் நாயனார் பொறுத்தாரே எனின், அவர் பொறுத்தது தம்மேற் பட்ட படையை. இலையிடுஞ் சிறுவனது உயிரை இடர்ப்படுத்திவிட்டு நாம் பொறுமை பேசுதல் எங்ஙனம் பொருந்தும்? காவற்றொழிலோர் பணிமேல் வருதல் வேறு. மற்றையோர் படைக்கலத்தை இல்லத்தே வைத்து வருக.

வாயிலில் இதனைச் சொல்வார் யாரென்று அன்பர் மீண்டும் வினவினார். முதலாளியே நின்று சொல்லுக. ஏவலாளனை முன்னிறுத்துதல் தகாது.