தொட்டிலருகே விழித்திருப்பவர்கள்



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கிக் கொண்டிருந்தேன். இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். மூன்று வாரங்களுக்கு முன்தான் அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது; தலைப்பிள்ளை.

"ஹஜ்ரத்! வீட்டில் அவள் தூங்குவதே இல்லை. பிள்ளை அழுதால் விழிப்பது சரி. பிள்ளை அயர்ந்து தூங்கும்போதும் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். காரணமில்லாமல் அழுகிறாள். ஈமானில் பலவீனமா, அல்லது ஏதேனும் காத்துக்கருப்பா? ஒரு தாயத்து எழுதித் தாருங்கள்" என்றார்.

"இரவில் பிள்ளையை நீங்கள் எத்தனை தடவை தூக்கினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்து கொண்டார். காலையில் கடை திறக்க வேண்டியிருப்பதால் மாடியில் தனியே படுத்துக் கொள்கிறாராம்.

அவரைக் கடிந்து கொள்ள எனக்குத் தகுதியில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகள் பிறந்தபோது நான் செய்ததும் அதுதான். நாற்பது கழிந்து தாய் வீட்டிலிருந்து திரும்பிய என் மனைவி, ஓர் இரவு இஷாத் தொழுகையின் ஸஜ்தாவிலேயே தூங்கிப் போனாள். விழித்ததும், "என் தொழுகையும் போயிற்று, பிள்ளையை வளர்க்கவும் துப்பில்லை" என்று விம்மினாள். நானோ ஏழாண்டு மதரஸாவில் ஓதியவன்! அங்கேயே உட்கார்ந்து தவக்குலைப் பற்றி அரை மணி நேரம் பயான் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். முதலில் இரண்டு மணி நேரம் தூக்கம் கொடுங்கள். பிறகு பயான் செய்யுங்கள்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் என் உஸ்தாதிடம் போய் முறையிட்டேன். அவர் பதிலாக ஒரு வரலாற்றைச் சொன்னார். நூல்களில் பலமுறை படித்திருந்தும் அன்றுதான் அது என் நெஞ்சில் தைத்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலம். மதீனாவுக்கு வந்த ஒரு வணிகக் கூட்டம் ஊரின் தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அவர்களுடைய பொருட்களைக் காவல் காக்க உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் விழித்திருந்தார்கள். அப்போது ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் எழுந்து போய், அல்லாஹ்வுக்கு அஞ்சிப் பிள்ளையை நன்றாகக் கவனித்துக் கொள்ளுமாறு தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் அறிவுரை. இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை ஓயவில்லை. இம்முறை, "நீ என்ன தாய்!" என்ற தோரணையில் கடிந்து கொண்டார்கள். கேட்பவர் இன்னார் என்று அறியாத அப்பெண் சலித்துப் போய் உண்மையைச் சொன்னாள். பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டும்தான் உமர் மானியம் கொடுக்கிறார். அதனால்தான் காலத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கிறேன், பிள்ளை அடம் பிடிக்கிறது என்றாள்.

அன்று சுப்ஹுத் தொழுகையில் அழுகை மிகுதியால் உமர் (ரலி) அவர்களின் கிராஅத்தே மக்களுக்கு விளங்கவில்லையாம். தொழுகை முடிந்ததும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டு, பால் மறக்கடிக்க அவசரப்பட வேண்டாம் என்று அறிவிக்கச் செய்தார்கள்.

உஸ்தாது என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்தத் தாய்க்கு மூன்று தடவை அறிவுரை சொன்ன பிறகுதான், குறை தம் பக்கம் இருப்பது அமீருல் முஃமினீனுக்கே தெரிந்தது. உமக்கு எத்தனை பயான் தேவைப்படும்?"

சகோதரர்களே! பச்சிளங் குழந்தை ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கித்தான் கழிக்கிறது. ஆனால் அதன் வயிறு மிகச் சிறியது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசித்து எழும். அதற்கு இரவும் பகலும் ஒன்றே. அப்படியானால் தாயின் தூக்கம் துண்டு துண்டாகிறது. துண்டான தூக்கத்தில் சிறு பயமும் மலையாகிறது. இதற்கு ஈமானை ஏன் இழுக்க வேண்டும்?

அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பாருங்கள். பயப்படாதே, கவலைப்படாதே, பிள்ளையை உன்னிடமே திருப்பித் தருவோம் என்ற இறைவாக்கு அவருக்குக் கிடைத்திருந்தது. இதைவிடப் பெரிய உத்தரவாதம் உலகில் எந்தத் தாய்க்குக் கிடைக்கும்? அப்படியிருந்தும் அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ் அதைப் பலப்படுத்தியிராவிட்டால் இரகசியத்தையே வெளியிட்டிருப்பார் என்றும் திருமறை கூறுகிறது. அல்லாஹ் அவரை ஈமான் குறைந்தவர் என்று சொல்லவில்லை. அவரும் சும்மா இருந்துவிடவில்லை. மகளைப் பின்னால் அனுப்பிப் பார்த்து வரச் செய்தார். தொட்டிலருகே விரலை வைத்துப் பார்க்கும் தாய்மாரும் அந்த வழியில் வந்தவர்கள்தாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகத்தை மூடும் துணியோ தலையணையோ அருகில் வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது!

தூக்கமும் ஒரு ஹக்குதான். பள்ளியில் இரு தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து அது என்னவென்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஜைனப் (ரலி) அவர்களின் கயிறு, தொழுது களைத்தால் அதைப் பிடித்துக் கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள்; உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். நபிலான வணக்கத்துக்கே இப்படி என்றால், தஹஜ்ஜுத் விட்டுப் போயிற்றே, குர்ஆன் ஓதுவது குறைந்து போயிற்றே என்று பாலூட்டும் தாய் ஏன் மனம் நொந்து கொள்ள வேண்டும்? பர்ளை மட்டும் காத்துக் கொண்டு, கிடைத்த நேரத்தில் படுங்கள். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணி, நீட்டித் தொழ நாடியிருந்ததையே சுருக்கிக் கொண்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு பத்து மணி வரை உட்கார்ந்து, "பிள்ளை இளைத்திருக்கிறதே, பால் போதவில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் போய்த் தூங்கி விடுவீர்கள். அந்தப் பெண் விடியும்வரை அதையே நினைத்துக் கொண்டிருப்பாள். போகும்போது ஒரு சட்டி சோறாக்கிக் கொண்டு போங்கள்.

கணவன்மார்களே! நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றுதான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். பிள்ளையின் காரணமாகத் தாய்க்குத் தீங்கு நேரலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் விதிக்கிறது. பால் கொடுப்பது அவள் வேலை. ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் உம்மால் ஆகாதவையா? மாடியிலிருந்து கீழே இறங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிரசவித்த முதல் நாட்களில் மனம் கலங்கி அழுவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எழுந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, ஒரு நாள் கூடக் காத்திராமல் டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள். பால் கொடுக்கும் காலத்திலும் உட்கொள்ளத் தக்க மருந்துகள் உண்டு. மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்று சொன்னது நபி (ஸல்) அவர்களே. நோய்க்குத் தாயத்தைக் கட்டிவிட்டு நாளைக் கடத்துவது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி. தகப்பன்மாருக்கும் இந்தக் கலக்கம் வருவதுண்டு, வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஓதுவதற்கு என்ன என்று கேட்பீர்கள். திரிகை சுற்றிக் கை காய்த்துப் போன பாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டு வந்தபோது, படுக்கும் நேரத்தில் 33 தடவை ஸுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர் என்று சொல்லும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பிள்ளையைத் தட்டிக் கொடுத்துக் கொண்டே இதைச் சொல்லலாம். 'ஹம்மு', 'ஹுஸ்னு' இரண்டிலிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முன்னது வரப்போவதை எண்ணிய கவலை. பின்னது போனதை எண்ணிய துக்கம். புதிதாகப் பெற்றவர்களுக்கு இரண்டும் ஒரே இரவில் வரும்.

அந்த இளைஞருக்கு நான் தாயத்து எழுதித் தரவில்லை. அன்று மாலையே மனைவியைப் பெண் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். இரவில் முன்பாதியை அவரும் பின்பாதியை அவளும் பங்கிட்டுக் கொள்ளச் சொன்னேன். இரண்டு ஜும்ஆ கழித்து வந்தார், கண்கள் சிவந்திருந்தன. மருந்து தொடங்கியிருக்கிறதாம், அவள் இப்போது சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்குகிறாளாம். பிறகு தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலா கேட்டார்: "ஹஜ்ரத்! இரவில் மடியில் வைத்திருக்கும்போது பையன் கைலியை நனைத்துவிடுகிறான். சுப்ஹுக்கு அதையே உடுத்தித் தொழலாமா, துவைக்க வேண்டுமா?"

பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையாயின், நனைந்த இடம் முழுதும் படும்படி தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையுமே கழுவ வேண்டும். உம்மு கைஸ் (ரலி) அவர்கள் கொண்டு வந்த கைக்குழந்தை நாயகம் (ஸல்) அவர்களின் மடியிலிருந்து ஆடையை நனைத்துவிட்டது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் கொண்டு வரச் சொல்லித் தெளித்துக் கொண்டார்கள்.