கூடையில் இறங்கிய அப்போஸ்தலன்

இந்த மாதம் 2 கொரிந்தியர் 11, 12-ம் அதிகாரங்களிலிருந்து ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள கர்த்தர் என்னை ஏவினார். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சபையிலே சாட்சி நேரம் வந்தால் ஜெயம் பெற்றவர்கள் முன்னால் வருகிறார்கள். கடன் தீர்ந்தது, வேலை கிடைத்தது, வியாதி நீங்கிற்று என்று சொல்லுகிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் பின்னால் ஒரு சகோதரி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். "மூணு வருஷமா உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன் பாஸ்டர், எனக்கு ஒண்ணும் நடக்கல. உனக்கு விசுவாசம் இல்லைன்னு சொல்றாங்க" என்று அழுகிறாள். இந்தச் செய்தி அவளுக்காகத்தான்.

கொரிந்து எப்படிப்பட்ட பட்டணம்? கி.மு. 146-ல் ரோமர் அதை இடித்துப்போட்டார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமரின் குடியேற்றப் பட்டணமாக மறுபடியும் ஏற்படுத்தினான். வியாபாரம், பணம், பந்தயம், பேச்சு வன்மை, இவைகளுக்குத்தான் அங்கே மதிப்பு. அந்த எண்ணம் சபைக்குள்ளும் நுழைந்துவிட்டது. பவுல் கடிதத்தில்தான் வீரர், நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை என்று சிலர் கேலி பண்ணினார்கள். தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ளுகிற போதகர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுக்குப் பவுல் என்ன பதில் கொடுக்கிறார்? தான் கட்டின சபைகளைக் கணக்குக் காட்டினாரா? இல்லை. தன் பலவீனத்தைக் குறித்தே மேன்மைபாராட்டப்போகிறதாகச் சொல்லி, தமஸ்குவில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்லுகிறார். அரேத்தா ராஜாவின் அதிகாரி பட்டணத்து வாசல்களில் காவல் வைத்துவிட்டான். பவுலை ஒரு கூடையில் வைத்து, ஜன்னல் வழியாய், மதிலின் வெளியே இறக்கிவிட்டார்கள். இதுதான் அவர் சொன்ன சாட்சி!

ரோம சேனையிலே, எதிரியின் மதில்மேல் முதலாவது ஏறுகிற போர்ச்சேவகனுக்குப் பொன் கிரீடம் கொடுப்பார்கள். கொரிந்தியருக்கு இது தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களிடத்தில் பவுல், "நான் மதிலிலிருந்து கூடையில் இறங்கினவன்" என்கிறார்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். சவுல் முதலில் தமஸ்குவுக்கு எப்படிப் புறப்பட்டான்? கையில் பிரதான ஆசாரியனுடைய நிருபம், கூட ஆட்கள், சீஷர்களைக் கட்டிக்கொண்டுபோகிற அதிகாரம். ஆனால் பட்டணத்துக்குள் நுழைந்தபோது கண் தெரியாதவனாய் மற்றவர்கள் கைபிடித்துக் கூட்டிக்கொண்டுபோனார்கள். வெளியே வந்தபோதோ கூடையில் வந்தான். கூடையில் இருக்கிறவனுக்குத் தன் கையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கயிறு மேலே நிற்கிறவர்கள் கையில் இருக்கிறது. யார் அவர்கள்? சீஷர்கள் என்று அப்போஸ்தலர் 9:25 சொல்லுகிறது. யாரைக் கட்ட வந்தானோ, அவர்களே இவனுக்காகக் கயிறு பிடித்தார்கள்! பெருமையுள்ளவன் அந்தக் கூடையில் ஏறியிருக்கமாட்டான்.

இதற்கு அடுத்தாற்போல்தான் பவுல் தன் மாம்சத்திலுள்ள முள்ளைக் குறித்து எழுதுகிறார். அது என்ன முள் என்று வேதம் சொல்லவில்லை. அதுவும் நன்மைக்கே. அவரவர் முள்ளை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை கிடைத்தது. கிறிஸ்துவின் வல்லமை தன்மேல் தங்கும்படி பலவீனத்தில் சந்தோஷப்படுகிறதாகச் சொல்லுகிறார். மூலபாஷையாகிய கிரேக்கில் அந்த "தங்குதல்" என்ற சொல்லுக்குள் கூடாரம் என்கிற அர்த்தம் இருக்கிறது. பவுல் கூடாரம் பண்ணுகிற தொழிலாளி அல்லவா? மாளிகைக்குமேல் யாராவது கூடாரம் போடுவார்களா? வெயிலும் காற்றும் அடிக்கிற வெட்டவெளியில்தானே போடுவார்கள்! உன் வாழ்க்கையின் வெட்டவெளி எதுவோ, அதன்மேல்தான் கர்த்தர் தம்முடைய கூடாரத்தை விரிக்கிறார். அல்லேலூயா!

"அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ஜெபியுங்கள். பவுலும் ஜெபித்தார். அவர் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களாலே வியாதிகள் நீங்கிற்று. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோ. 4:20). பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்லமுடியுமா? ஆகவே படுக்கையில் இருக்கிறவர்களிடம் போய், "உன் விசுவாசக் குறைவுதான்" என்று தயவுசெய்து சொல்லாதிருங்கள். அவர்களுக்காகக் கயிறு பிடியுங்கள்.

எனக்கும் பத்து வருஷத்துக்கு மேலாய்ச் சர்க்கரை வியாதி உண்டு. ஜெபிக்கிறேன், மாத்திரையும் சாப்பிடுகிறேன். சில ஞாயிறுகளில் கை நடுங்கத்தான் பிரசங்க பீடத்தில் நிற்கிறேன். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் ஒரு வயதான தாயார், "ஐயா, நீங்க நடுங்கிக்கிட்டே பேசினதாலதான் எனக்கும் கர்த்தர் இருக்காருன்னு தைரியம் வந்துச்சு" என்றார்கள். என் பிரசங்கத்தைவிட என் நடுக்கம் அவர்களோடு அதிகமாய்ப் பேசியிருக்கிறது.

ஆனாலும் ஒரு எச்சரிப்பு. பலவீனம் வேறு, பாவம் வேறு. குடியையும் கோபத்தையும் சோம்பலையும் "என் பலவீனம் பாஸ்டர்" என்று சொல்லி மூடாதேயுங்கள். அவைகளை விட்டு மனந்திரும்ப வேண்டும். உன்னால் மாற்ற முடியாததை, கண்ணீரோடு சுமக்கிறதை, அதைக் கர்த்தரிடத்தில் கொண்டுவா.

பிரியமான தேவபிள்ளையே, இந்த வாரம் ஒன்று செய். உன் பாரத்தை ஒரு விசுவாசியிடமாவது மனந்திறந்து சொல்லு. "எனக்காகக் கயிறு பிடியுங்கள்" என்று கேள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்தக் கூடை அன்றைக்குக் கீழே இறங்கினபடியால்தான் சுவிசேஷம் கொரிந்துவரைக்கும் போயிற்று.

ஜெபிப்போமா? அன்பின் பிதாவே, பெலனற்ற உமது பிள்ளைகளைக் கண்ணோக்கிப் பாரும். முள்ளை எடுப்பது உமக்குச் சித்தமானால் எடுத்துப்போடும். இல்லையென்றால் உம்முடைய கூடாரத்தை எங்கள்மேல் விரித்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்