பத்துமலையின் இரவுத் தொண்டர்கள்



பத்துமலையில் 272 படி ஏறி முருகனைத் தரிசித்திருப்பீங்க. மேல்கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, படியோரத்தில் ஓர் இருட்டுக் குகை இருக்கு. உள்ளே வௌவால் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் அதே முருகன் மலைதானே?

அங்கே தேன் குடிக்கும் வௌவால் இனம் ஒன்று குடியிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் இரை தேடப் புறப்படும். நாம் ஆசையாய்ச் சாப்பிடும் டுரியான் இருக்கே, அதன் பூ மாலையில்தான் விரியும். விடிவதற்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரவில் தேன் தேடி வரும் வௌவாலின் ரோமத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. அப்புறம்தான் காய். பெத்தாய்க்கும் இதே கதைதான்.

ஆனால் டுரியான் பூப்பது வருஷத்தில் சில வாரங்களே. மற்ற நாளில் வௌவாலுக்குச் சாப்பாடு? 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, கடலோரச் சதுப்புநிலக் காட்டுப் பூக்களைத் தேடிப் போகிறது. அந்தக் காட்டை அழித்தால் வௌவால் குறையும். எங்கோ மலையடிவாரத் தோட்டத்தில் டுரியான் காய்ப்பும் குறையும்.

குகைக்குள்ளேயும் பாருங்க. வெயில் படாத இடத்தில் செடி ஏது? வௌவால் எச்சம்தான் அங்கே சோறு. அதைக் கரப்பான் தின்னும். சிலந்தி அந்தப் பூச்சிகளைப் பிடிக்கும். பத்துமலையின் பெயரையே தாங்கிய லிபிஸ்டியஸ் பத்துயென்சிஸ் என்ற அரிய சிலந்தியும் அங்கே வாழ்கிறது. நாம் அசிங்கம் என்று ஒதுக்குவது இன்னொரு உயிருக்கு அன்னம்.

"சாமி கும்பிடுறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நம் முருகன் என்றைக்காவது தனியாக நின்றிருக்கிறானா? மயில் கூடவே, சேவல் கூடவே, மயிலின் காலடியில் பாம்பும் கூடவே. அவனை மட்டும் கும்பிட்டு, அவன் மலையில் வாழும் உயிர்களை வெறுப்பது பக்தி ஆகாது.

கீதையின் மூன்றாம் அத்தியாயம் வேள்வியைப் பற்றிப் பேசுகிறது. பெற்றதற்கு ஈடாக எதுவும் கொடுக்காமல் உண்பவன் அங்கே திருடனாகிறான். வௌவாலுக்கு வேள்வி தெரியாது; தன் பசிக்குத்தான் போகிறது. ஆனாலும் தேனை எடுத்த கையோடு மரத்துக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வருகிறது. நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் எடுத்துக்கொண்டு மட்டும் போனால் எப்படி?

வரும் தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கும் அதே கை, போட்ட பிளாஸ்டிக் போத்தலையும் எடுக்கட்டும். குகை வாசலில் கூச்சல் வேண்டாம், டார்ச் அடிக்க வேண்டாம். வீட்டு வாழைப்பூவுக்கு வௌவால் வந்தால் தொடவும் வேண்டாம், கல்லெறிந்து விரட்டவும் வேண்டாம். உங்கள் கிளை நண்பர்களோடு ஒருநாள் கடலோரம் போய் சதுப்புநில மரக்கன்று நட்டு வாங்க. அதுவும் காவடிதான்.

வேலும் மயிலும் துணை.